பெட்டா தொட்டியில் ஃபில்டர் ஃபோர்ஸைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏறத்தாழ 20 முதல் 40 லிட்டர் வரை கொள்ளும் தொட்டியில், ஃபில்டரோடு தனியாக வளரும் ஃபைட்டர் மீனை, அதாவது பெட்டாவை, மனதில் வைத்து எழுதப்பட்டவை இவை. பெரிய தொட்டிக்கும் இதே வழிகள்தான், ஆனால் அங்கே பிரச்சினை இவ்வளவு கடுமையாக இருக்காது.

பெட்டாவுக்கு மட்டும் ஏன் தண்ணீரின் வேகம் ஒத்துக்கொள்வதில்லை?

அதன் பிறப்பிடம் அப்படி. தாய்லாந்தின் சாவோ பிரயா ஆற்றுப் படுகையில் நெல் வயல்கள், சதுப்புகள், புல்லும் செடியும் அடர்ந்த ஆழமில்லாத நீர்நிலைகள்தான் இந்த மீனின் சொந்த இடம். அங்கே தண்ணீர் ஓடுவதைவிடத் தேங்கி நிற்பதே அதிகம். காட்டுப் பெட்டா ஒல்லியாக, குட்டையான துடுப்புகளோடு இருக்கும். நாம் வளர்ப்பதோ தலைமுறை தலைமுறையாகத் துடுப்பின் அழகுக்காகவே தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்யப்பட்ட வகை. ஹாஃப்மூன் வகையில் வால் விரிந்தால் 180 டிகிரி, அரை வட்டம். உடம்போ வெறும் ஐந்தாறு சென்டிமீட்டர். துடுப்பைப் பெரிதாக்கினோமே தவிர, அதை இழுத்துக்கொண்டு நீந்தும் தசையைப் பெரிதாக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பெட்டா செவுளால் மட்டும் சுவாசிப்பதில்லை. தலைக்குள் இருக்கும் லேபிரிந்த் உறுப்பின் உதவியால் மேலே வந்து காற்றையும் விழுங்குகிறது. நாள் முழுக்க அடிக்கடி மேலே போய்வர வேண்டிய மீன் அது. ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் ஃபில்டர் தண்ணீர் பக்கவாட்டில் தள்ளினால், மூச்சு விடுவதே அதற்கு வேலையாகிவிடும்.

அப்படியானால் ஃபில்டரை நிறுத்திவிடலாமே? இரவில் மட்டுமாவது?

வேண்டாம், இரவிலும் வேண்டாம். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஃபில்டர் பஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா நிலைபெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவற்றுக்கு ஆக்சிஜன் கலந்த தண்ணீர் தொடர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். மூடிய ஃபில்டருக்குள் மணிக்கணக்கில் தண்ணீர் தேங்கினால் அவை சாகத் தொடங்கும். காலையில் நீங்கள் சுவிட்சைப் போடும்போது அந்தக் கெட்ட தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் வந்து சேரும்.

ஒன்றை இங்கேயே பிரித்துப் பார்த்துவிட்டால் மீதிக் கேள்விகள் எல்லாம் எளிதாகிவிடும். தண்ணீர் பஞ்சு வழியாகப் போவதுதான் சுத்திகரிப்பு. அது எந்த வேகத்தில் திரும்பி வந்து விழுகிறது என்பதுதான் மீனைத் தள்ளுவது. முதலாவதைப் பெரிதாகத் தொடாமலே இரண்டாவதைக் குறைக்க முடியும். கீழே சொல்லும் வழிகள் பெரும்பாலும் இதைத்தான் செய்கின்றன.

வேகம் அதிகமாக இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தீனி போடும் நேரத்தில் பார்க்காதீர்கள். அப்போது எந்த மீனும் சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். உங்களைக் கண்டாலே முன்னால் ஓடி வரும் பழக்கம் பெட்டாவுக்கு உண்டு, அதனால் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பத்து நிமிடம் கவனியுங்கள். அது எங்கே ஓய்வெடுக்கிறது? ஃபில்டர் பெட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள இடுக்கு, ஹீட்டருக்குப் பின்புறம், தண்ணீர் விழும் இடத்துக்கு எதிர் மூலை: எப்போதும் இவற்றில் ஒன்றிலேயே ஒடுங்கி நின்றால் மற்ற இடங்களில் அதனால் நிற்க முடியவில்லை என்று அர்த்தம். துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருப்பது, மேலே காற்றுக்கு வரும்போது நேராக வராமல் சறுக்கிக்கொண்டு வருவது, திரும்பும்போது வால் ஒரு பக்கமாகப் பறப்பது, ஒரே இடத்தில் நிற்பதற்கே இடைவிடாமல் துடுப்பை அடிப்பது, இவையும் அடையாளங்கள்.

தண்ணீரையே சோதிக்க வேண்டுமென்றால் மிதக்கும் தீனி ஒன்றிரண்டைப் போட்டுப் பாருங்கள். அது மெதுவாக நகர்ந்து ஓரத்தில் ஒதுங்கினால் பரவாயில்லை. விழுந்த உடனே இழுத்துக்கொண்டு போய், தொட்டியைச் சுற்றி வந்து, ஃபில்டரிலிருந்து விழும் அருவிக்கு அடியில் முங்கி, மீண்டும் நடுவில் எழும்பினால் அது பெட்டாவுக்கான தண்ணீர் இல்லை. ஆண் மீன் கட்டும் நுரைக்கூடு ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் கலைவதும் இதே கதைதான்.

ஆனால் எங்கள் மீன் தானாகவே போய் ஓட்டத்துக்குள் நுழைந்து விளையாடுகிறதே?

விளையாடட்டும். சில பெட்டாக்கள் அருவிக்குள் பாய்ந்து, அடித்துக்கொண்டு போய், மறுபடியும் வந்து பாயும். அது விரும்பிப் போகிறதா, வேறு வழியில்லாமல் சிக்குகிறதா என்பதுதான் விஷயம். தொட்டியில் பாதிக்கு மேல் அசைவில்லாத இடம் இருந்து, அங்கே அது சாவகாசமாக ஓய்வெடுத்தால் கவலைப்படத் தேவையில்லை.

ஃபில்டர் டப்பாவில் மணிக்கு 300 லிட்டர் என்று போட்டிருக்கிறது. என் தொட்டி 20 லிட்டர். அதிகமா?

அதிகம்தான். 300-ஐ 20-ஆல் வகுத்தால் மணிக்கு 15 தடவை தொட்டித் தண்ணீர் முழுவதும் சுற்றி வருகிறது. பெட்டாவுக்கு மூன்று முதல் ஐந்து தடவை போதும் என்பதே வளர்ப்பவர்களிடையே உள்ள பொதுக் கணக்கு. 20 லிட்டருக்கு மணிக்கு 60 முதல் 100 லிட்டர்.

இருந்தாலும் அந்த எண்ணை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். டப்பாவில் இருப்பது பெரும்பாலும் பஞ்சு எதுவும் இல்லாத வெறும் பம்பின் அளவு. பஞ்சு போட்டு, அதில் அழுக்கும் சேர்ந்த பிறகு கணிசமாகக் குறையும். மேலும் மீன் உணர்வது லிட்டரை அல்ல, வேகத்தை. தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் அதே தண்ணீர் பீய்ச்சி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிவரும் துவாரத்தின் பரப்பு பாதியானால் வேகம் இரட்டிப்பாகும். குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகி, அதே தண்ணீர் கால் பங்கு வேகத்தில் வரும். ஆகவே மணிக்கு 100 லிட்டர் சின்ன மூக்கு வழியாக வந்தால் மீனைத் தள்ளும், 200 லிட்டர் அகலமான பஞ்சு வழியாகக் கசிந்தால் தள்ளாது.

எதுவும் வாங்காமல் முதலில் செய்யக்கூடியது என்ன?

ஃபில்டரில் வேகம் குறைக்கும் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். பலருடைய ஃபில்டரில் அது இருந்தும் தொடாமலே கிடக்கும். அடுத்து, தண்ணீர் வரும் வாயைக் கண்ணாடியைப் பார்த்துத் திருப்புங்கள். சுவரில் மோதிய தண்ணீர் தன் வேகத்தை அங்கேயே இழந்து இரண்டு பக்கமும் பரவும். தொட்டியின் நீளவாக்கில் அடிக்க விடாதீர்கள், குறுக்குவாக்கில் அடிக்கும்படி வையுங்கள்.

மேலே மாட்டும் ஹேங்-ஆன் ஃபில்டர் என்றால் தண்ணீர் மட்டத்தை அதன் உதடு வரை, அதாவது தண்ணீர் வழியும் விளிம்பு வரை, உயர்த்துங்கள். ஐந்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் அடி வரை குத்திக்கொண்டு போகும். உதட்டோடு மட்டமாக இருந்தால் மேற்பரப்பிலேயே வழுக்கிப் பரவிவிடும். தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்க இறங்க அருவியின் சத்தமும் வேகமும் கூடுவதால் வாரத்துக்கு ஒருமுறையாவது நிரப்ப வேண்டியிருக்கும். மட்டத்தை உயர்த்தினால் மூடி கட்டாயம் வேண்டும், பெட்டா நன்றாகத் துள்ளும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே அது காற்றை விழுங்க ஒரு விரல் உயர இடைவெளியும் விடுங்கள்.

ஹேங்-ஆன் ஃபில்டரின் அருவி இன்னும் பலமாக இருக்கிறது. எப்படி உடைப்பது?

இரண்டு வழிகள் நன்றாக வேலை செய்கின்றன.

முதலாவது பஞ்சு. மீன் தொட்டிக்கென்று விற்கும், பெரிய துளை உள்ள ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டை உதட்டின் அகலத்துக்கு வெட்டி, தண்ணீர் வழியும் இடத்தில் செருகுங்கள், அல்லது உதட்டுக்குக் கீழே தொங்கும்படி நைலான் நூலால் கட்டுங்கள். தண்ணீர் பஞ்சுக்குள் நூறு வழியாகப் பிரிந்து கசிந்து இறங்கும். பாக்டீரியாவுக்குக் கூடுதல் இடமும் கிடைக்கும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு வேண்டவே வேண்டாம். சிலவற்றில் சோப்போ கிருமிநாசினியோ கலந்திருக்கும். கட்டுவதற்குச் செம்புக் கம்பியும் கூடாது.

இரண்டாவது தண்ணீர் பாட்டில். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலின் தலையையும் அடியையும் வெட்டி எறிந்துவிட்டு நடு உருளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் ஃபில்டர் உதட்டைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். உருளையின் ஒரு பக்கத்தை நீளவாக்கில் வெட்டித் திறந்து, அந்தப் பிளவை உதட்டில் கவ்வும்படி மாட்டுங்கள். இப்போது தண்ணீர் நேரே தொட்டிக்குள் விழாமல் உருளைக்குள் விழுந்து, வலமும் இடமும் வழிந்து போகும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் வித்தியாசம் மாட்டிய அந்த நிமிடமே தெரியும். வெட்டிய விளிம்புகளை உப்புத்தாளால் தேயுங்கள். பிறகு ஒரு பழைய நைலான் காலுறையை விளிம்பின் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே வாலும் கிழியும், அந்த இடத்தை மறுபடியும் தேயுங்கள். தொட்டிக்குள் வைக்கும் பிளாஸ்டிக் செடி, பொம்மை எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

பஞ்சு வைத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது அடைத்துக்கொண்டால் ஃபில்டர் பெட்டிக்குள் தண்ணீர் ஏறும். சில மாடல்களில் உள்பக்கமாகவே வழிந்துவிடும், சிலவற்றில் பின்பக்க விளிம்பைத் தாண்டித் தரையில் கொட்டும். மாட்டியதும் உங்கள் ஃபில்டரில் எந்தப் பக்கம் வழியும் என்று பஞ்சைக் கையால் சற்று அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஃபில்டர், அல்லது வெளியே வைக்கும் கேனிஸ்டர் என்றால்?

ஸ்ப்ரே பார் போடுங்கள். நீளமான குழாயில் வரிசையாகத் துளைகள் இருக்கும், தண்ணீர் பிரிந்து வரும். துளைகளைப் பின் கண்ணாடியைப் பார்த்தோ மேல்நோக்கியோ திருப்பி வையுங்கள். வேகம் இன்னும் குறைய வேண்டுமானால் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், அடைக்காதீர்கள். மூழ்கும் ஃபில்டரின் வாயில் ஒரு பஞ்சு உருளையைச் செருகினாலும் போதும்.

உறிஞ்சும் பக்கத்தில் பஞ்சு மாட்டினால் வேகம் குறையுமா?

கொஞ்சம் குறையும், ஆனால் அதற்காக அதை மாட்ட வேண்டாம். நீளமான வால் உறிஞ்சும் குழாயின் துவாரத்தில் சிக்காமல் இருக்க அது தேவை, அந்தக் காரணத்துக்காகவே எல்லாப் பெட்டா தொட்டியிலும் போடலாம். வேகத்தைக் குறைக்க உள்ளே போகும் பக்கத்தை நெரிக்கக் கூடாது. பம்புக்குத் தண்ணீர் பற்றாமல் போய் உள்ளே காற்று சேரும், கடகடவென்று சத்தம் வரும், மோட்டார் சூடாகும். வெளியே வரும் பக்கத்தில் வால்வு வைத்துக் குறைத்தால் இந்த வகை பம்புகள் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும். கேனிஸ்டரிலும் விதி இதுவே.

மின்விசிறிக்குப் போடும் ரெகுலேட்டரை ஃபில்டருக்குப் போட்டால்?

போடாதீர்கள். சாதாரண ஏசி ஃபில்டரில் காந்தச் சுழலியின் வேகம் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றுகிறது, மின்னழுத்தத்தை அல்ல. ரெகுலேட்டரைத் திருப்பினால் அது படிப்படியாக வேகம் குறையாது. ஒரு கட்டம் வரை அப்படியே ஓடி, பிறகு நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டு சூடாகும். வேகத்தை மாற்றும் வசதியோடு வரும் டிசி பம்புகள் வேறு, அவற்றுக்கு அவற்றின் கண்ட்ரோலரே உண்டு.

பேசாமல் ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு மாறிவிடட்டுமா?

புதிதாக வாங்குபவர்களுக்கு என் பதில் யோசிக்காமல் ஆமாம்தான். ஏர் பம்பிலிருந்து வரும் குமிழிகள் குழாயில் மேலே ஏறும்போது கூடவே தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகின்றன. அந்த இடத்தை நிரப்பப் பஞ்சின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் மெதுவாக உள்ளே வருகிறது. உறிஞ்சும் பரப்பு பெரிது, அதனால் துடுப்பை இழுக்கும் அளவுக்கு எங்கேயும் பலம் இருக்காது. சுழலி கிடையாது, அடிக்கும் வாயும் கிடையாது.

ஆனால் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஃபோர்ஸ் காட்டும். பெரிய ஏர் பம்பைச் சின்னத் தொட்டியில் மாட்டினால் மேற்பரப்பு கொதிப்பது போல் ஆகிவிடும். காற்றுக் குழாயில் ஒரு சின்ன வால்வு வைத்து, குமிழிகளை ஏறக்குறைய எண்ண முடிகிற அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரேயடியாக நெரித்தால் பம்பின் ரப்பர் உதரவிதானத்துக்குச் சுமை. டி-வடிவ இணைப்புப் போட்டு மிச்சக் காற்றை வெளியே விட்டுவிடுவது நல்லது. குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே இருந்தால் தெறிப்பும் சத்தமும் குறையும். உள்ளே ஏர் ஸ்டோன் வைத்தால் குமிழி பொடியாகும். ஏர் பம்ப் தொட்டியைவிடத் தாழ்வாக இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு அவசியம், இல்லாவிட்டால் மின்சாரம் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகப் பம்புக்குள் இறங்கிவிடும்.

பழைய ஃபில்டரை அன்றைக்கே கழற்றிவிடாதீர்கள். நான்கைந்து வாரம் இரண்டும் சேர்ந்து ஓடட்டும். முடியாதென்றால் பழைய பஞ்சை எடுத்துப் புதிய ஃபில்டரின் மேல் சுற்றிக் கட்டி வையுங்கள்.

செடி, மரக்கட்டை வைத்துத் தடுக்கலாமா?

நிச்சயமாக. என்னைக் கேட்டால் எல்லா வழிகளிலும் பார்க்க நன்றாக இருப்பது இதுதான். தண்ணீர் விழும் இடத்துக்கு எதிரே ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதில் ஜாவா ஃபெர்ன் அல்லது அனுபியாஸ் கட்டிவிட்டால் ஓட்டம் அதில் மோதி உடையும். இரண்டுமே குறைந்த வெளிச்சத்தில் வளரும், மண் வேண்டாம். அனுபியாஸின் அகலமான இலை மேற்பரப்புக்கு அருகில் இருந்தால் பெட்டா அதன் மேல் படுத்துக்கொள்வதைப் பார்க்கலாம்: வயிற்றை இலையில் வைத்து, வாலை ஓரமாகத் தொங்கவிட்டு, கண் மட்டும் உங்களைப் பின்தொடரும். செத்துவிட்டதோ என்று பதறி விரலால் தட்டியவர்கள் நிறையப் பேர்.

மிதக்கும் செடிகள் மேற்பரப்பு ஓட்டத்தை அடக்கும். ஆனால் அவை ஃபில்டர் அடிக்கும் இடத்துக்குப் போனால் முங்கி அழுகும். ஏர் டியூபை வளையமாக இணைத்து மிதக்கவிட்டு அதற்குள் செடிகளை அடைத்து வையுங்கள். மேற்பரப்பை முழுவதும் மூடவிடாதீர்கள், காற்றுக்கு வர இடம் வேண்டும்.

ஓட்டத்தைக் குறைத்தால் ஆக்சிஜன் குறையாதா?

தண்ணீருக்கு ஆக்சிஜன் மேற்பரப்பு அசைவதால் கிடைக்கிறது, தொட்டிக்குள் சுழல்வதால் மட்டுமல்ல. மேலே மெல்லிய சிற்றலை இருந்தால் போதும். பெட்டா காற்றை விழுங்கிச் சமாளிக்கும், ஆனால் பாக்டீரியாவுக்கும் கூட இருக்கும் நத்தைக்கும் இறாலுக்கும் அந்த வசதி இல்லை. மேற்பரப்பில் எண்ணெய் போல் ஒரு படலம் தங்கினால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள், சிறிது கூட்டுங்கள்.

ஹீட்டரையும் மறக்க வேண்டாம். ஓட்டம் குறைந்த தொட்டியில் சூடு ஒரே பக்கம் தங்கும். ஃபில்டர் வாய்க்குப் பக்கத்தில் ஹீட்டரையும், எதிர் மூலையில் தெர்மாமீட்டரையும் வையுங்கள். அங்கே 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் காட்டினால் சரி.

ஃபில்டரைக் கழுவிய அன்று மீன் ஒளிந்துகொள்கிறது. ஏன்?

அழுக்கு போனதும் பம்ப் முழு பலத்தோடு ஓடுகிறது. வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து வந்த வேகம் ஒரே மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கழுவிய பிறகு திருகை மீண்டும் சரிசெய்யுங்கள். ஓட்டம் தளரும்போதெல்லாம் பஞ்சைக் கொஞ்சமாகக் கழுவிவந்தால் இந்த ஏற்ற இறக்கமே இருக்காது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பாக்டீரியா சாகும் என்பதால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் பிழிந்தெடுங்கள்.

வால் கிழிந்திருக்கிறது. ஃபில்டர்தான் காரணமா?

நேர்க்கோட்டில் பிளந்திருந்து, விளிம்பு நிறம் மாறாமல் இருந்தால் எதிலோ சிக்கிக் கிழிந்திருக்கலாம். அரை வட்டமாகக் கடித்து எடுத்தது போல் ஒரே இரவில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தால் மீனே தன் வாலைக் கடித்திருக்கிறது. ஓட்டத்தோடு மல்லுக்கட்டும் கனத்த வால் மீன்கள் இதைச் செய்வதுண்டு. விளிம்பு கறுத்தோ சிவந்தோ நாளுக்கு நாள் கரைந்துகொண்டே வந்தால் அது துடுப்பு அழுகல், தண்ணீரின் தரத்தை உடனே பார்க்க வேண்டும். ஆறும் வாலில் புதிதாக வளரும் பகுதி முதலில் நிறமில்லாமல் கண்ணாடி போல் இருக்கும், அதை நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

பிளாகட், பெண் பெட்டா இவற்றுக்கும் இதே கட்டுப்பாடுகளா?

இவ்வளவு தேவையில்லை. துடுப்பு குட்டை என்பதால் நன்றாக நீந்தும். ரோஸ்டெயில், ஹாஃப்மூன் போன்ற பெரிய வால் வகைகளுக்குத்தான் மிகவும் கவனம் வேண்டும். வயதான மீனுக்கு எந்த வகையானாலும் குறைத்துவிடுங்கள்.

எல்லாம் செய்துவிட்டேன், தண்ணீர் அசையவே இல்லை. இன்னும் மூலையிலேயே நிற்கிறது.

இந்த மாற்றத்துக்குப் பழக நான்கைந்து நாள் கொடுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் காரணம் ஓட்டம் இல்லை. டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகின்றனவா, வெப்பநிலை 24-க்குக் கீழே இறங்குகிறதா, பக்கக் கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்து நாள் முழுக்கச் செவுளை விரித்து ஓய்ந்துபோகிறதா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். அம்மோனியா சிறிதளவு தெரிந்தாலும் அன்றைக்கே தண்ணீரில் கால் பங்கிலிருந்து பாதி வரை, குளோரின் நீக்கி அதே சூட்டில் உள்ள தண்ணீரால் மாற்றிவிட்டு, மறுநாள் மீண்டும் சோதியுங்கள். அதுவரை ஃபில்டரில் கை வைக்க வேண்டாம்.